வசூல் விதிகளும் வன்முறையும்: சென்னை மாகாண இரயத்துவாரி நிர்வாகத்தில் முரண் ஊக்கங்கள் (1800–1864)

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலின்போது குடிகள் சித்திரவதைக்கு உள்ளாக்கப்பட்டதை 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணை ஆணையத்தின் அறிக்கை உறுதிசெய்தது. இவ்வன்முறைக்கு உள்நாட்டு அலுவலர்களின் இயல்பே காரணம் என அவ்வறிக்கை கருதியது. வரிவிதிப்பு, வஜா, வசூல், புகார் விசாரணை ஆகியவற்றுக்கென வகுக்கப்பட்ட விதிகளே குடியானவரையும் தாசில்தாரையும் அவ்வாறு நடந்துகொள்ளத் தூண்டின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கிணறு வெட்டாமை, செல்வத்தை மறைத்தல், வரியைக் காலந்தாழ்த்திச் செலுத்துதல், அடித்து வசூலித்தல் ஆகிய நான்கும் ஒரே விதித்தொகுப்பின் விளைவுகள் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இரயத்துவாரி, தோட்டக்கால் தீர்வை, வஜா, தாசில்தார், சித்திரவதை ஆணையம், முரண் ஊக்கம்

முன்னுரை

ஓர் அரசு விதியை வகுக்கும்போது அதற்கென ஒரு நோக்கம் இருக்கும். விதிக்கு உட்பட்டு வாழ்பவர் அந்நோக்கத்தைப் பார்ப்பதில்லை. விதி தமக்கு எதை ஆதாயமாகவும் எதை இழப்பாகவும் ஆக்குகிறது என்பதையே பார்க்கிறார். இவ்விரண்டும் பொருந்தாதபோது, விதி தான் தடுக்க விரும்பியதையே வளர்க்கும். இந்நிலையை இக்கட்டுரை 'முரண் ஊக்கம்' எனும் சொல்லால் குறிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நடைமுறையில் இருந்த இரயத்துவாரி முறை, முரண் ஊக்கங்களை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். இடைத்தரகர் இன்றி, குடியானவரோடு அரசு நேரடியாக உறவுகொள்ளும் முறை என்றே அது முன்வைக்கப்பட்டது. சாகுபடி பெருக வேண்டும், குடி செழிக்க வேண்டும், அதன்வழி அரசின் வருவாய் நிலைபெற வேண்டும் என்பவை அதன் அறிவிக்கப்பட்ட இலக்குகள். ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பின், அதே முறையின்கீழ் வரிக்காக மனிதர்கள் வெயிலில் நிறுத்தப்பட்டனர் என்றும், கிட்டியில் விரல்கள் நெரிக்கப்பட்டனர் என்றும் அரசு நியமித்த ஆணையமே எழுத நேர்ந்தது. இந்த இடைவெளி எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆய்வுப் பின்னணி

இரயத்துவாரி முறையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் நீலமணி முகர்ஜியின் ஆய்வு விரிவாகக் கூறுகிறது. வேளாண் சமூகத்தின் அமைப்பைத் தர்மா குமார் ஆராய்ந்துள்ளார். சித்திரவதையைக் காலனிய அரசின் இயல்போடும் காவல் நிர்வாகத்தோடும் இணைத்து டக்ளஸ் பீர்ஸ் எழுதியுள்ளார். கச்சேரியின் எழுத்து நடைமுறைகளைப் பவானி ராமன் ஆராய்ந்து, ஆவணம் சார்ந்த ஆட்சியில் அதிகாரம் எவ்வாறு இயங்கியது என்பதைக் காட்டியுள்ளார். இவற்றிலிருந்து இக்கட்டுரை வேறுபடும் இடம் ஒன்றே. வரிவிதிப்பு விதிகளையும் வன்முறையையும் தனித்தனிப் பொருள்களாகக் கொள்ளாமல், விதிகள் ஒவ்வொருவர் கையிலும் எவ்விதக் கணக்கைத் தந்தன என்பதை இது தொடர்ச்சியாக வாசிக்க முயல்கிறது. மன்றோவின் 1807ஆம் ஆண்டுப் பரிந்துரைகள், 1855ஆம் ஆண்டு ஆணைய அறிக்கை, சீனிவாச இராகவையங்கார் 1893இல் வெளியிட்ட சென்னை மாகாண முன்னேற்றம் பற்றிய நினைவுக்குறிப்பு ஆகியன இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

இரயத்துவாரி: கோட்பாடும் சுமையும்

1792ஆம் ஆண்டு முதல் பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் மேற்கொண்ட நில ஏற்பாடு இம்முறைக்கு அடித்தளமாயிற்று. 1800 முதல் 1807 வரை ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களில் மன்றோ இதனை விரிவாக்கினார். இடையில் கிராமக் குத்தகை முறை புகுத்தப்பட்டது. மன்றோ சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1820–1827) இரயத்துவாரி மீண்டும் வேரூன்றியது.

கோட்பாட்டளவில் இம்முறை எளியது. ஒவ்வொரு குடிக்கும் தனிப் பட்டா. ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்கு முடித்தல். வேண்டாத நிலத்தை விடவும், வேண்டிய நிலத்தை எடுக்கவும் குடிக்கு உரிமை உண்டு. ஆனால் தீர்வையின் அளவு இந்த உரிமையை உள்ளீடற்றதாக்கியது. தாம் விதித்த தீர்வை மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 45 விழுக்காடு என்றும், அது மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கப்பட வேண்டும் என்றும் மன்றோவே 1807இல் எழுதினார். நஞ்சை, புஞ்சை நிலங்களுக்கு 25 விழுக்காடும், கிணற்றுப் பாசன நிலங்களுக்கு 33 விழுக்காடும் குறைக்குமாறு அவர் பரிந்துரைத்தார். அது உடனடியாக நடைமுறைக்கு வரவில்லை.

தீர்வை பணத்தில் விதிக்கப்பட்டது என்பதும் இங்குக் கருதத்தக்கது. 1820களின் பிற்பகுதி முதல் 1850களின் தொடக்கம் வரை தானிய விலை தாழ்ந்தே இருந்தது. விலை குறையக் குறைய, அதே தீர்வைக்குக் குடி மிகுதியான நெல்லை விற்க வேண்டியதாயிற்று. ஆகவே ஏட்டில் மாறாதிருந்த தீர்வை, களத்தில் உயர்ந்துகொண்டே சென்றது. பல ஊர்களில் முழுத் தீர்வையையும் எல்லா ஆண்டும் செலுத்துதல் இயலாததாயிற்று. இயலாத தொகையை ஏட்டில் வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் எவ்வளவு விடுவது, யாருக்கு விடுவது என்று முடிவுசெய்யும் அதிகாரம் கச்சேரியின் கைக்கு வந்தது. பின்வரும் முரண் ஊக்கங்கள் யாவும் இந்த ஓரிடத்திலிருந்தே கிளைக்கின்றன.

கிணறும் தோட்டக்கால் தீர்வையும்

நஞ்சை, புஞ்சை என்னும் இரு வகைகளோடு, கிணற்று நீரால் பயிரிடப்படும் நிலம் தோட்டக்கால் என மூன்றாவது வகையாகப் பல மாவட்டங்களில் கொள்ளப்பட்டது. அதன் தீர்வை புஞ்சைத் தீர்வையைவிடக் கணிசமாக மிகுதி. ஒரு குடி தன் புஞ்சையில் தன் செலவில் கிணறு வெட்டினால், அந்நிலம் தோட்டக்காலாகக் கருதப்பட்டுக் கூடுதல் தீர்வைக்கு உள்ளாகும் நிலை இருந்தது.

இவ்விதியைக் குடியின் கண்கொண்டு நோக்க வேண்டும். கிணறு வெட்டக் கடன் வாங்குபவர் அவர். பாறை தட்டினால் இழப்பு முழுவதும் அவருடையது. நீர் கண்டால் ஆதாயத்தின் ஒரு பகுதி அரசுடையது. வானம் பார்த்த பூமியில் பஞ்சத்துக்கு எதிரான முதற்காப்பு கிணறே. அந்தக் காப்பைத் தேடுபவர் மீது வரியும், தேடாதவர்க்குச் சலுகையும் விழுமாறு விதி அமைந்திருந்தது. விளைச்சல் மிகுந்தால் வருவாய் மிகும் என்னும் எண்ணத்தில் வகுக்கப்பட்ட விதி, விளைச்சலை மிகுவிக்கும் முதலீட்டையே தண்டித்தது.

ஆட்சியாளர்கள் இதனை அறியாதிருந்தனர் என்று கூற இயலாது. கிணற்றையும் கரையையும் குடியே தன் செலவில் பேணும் நிபந்தனையோடு கூடுதல் குறைப்பு வழங்கக் கோரிய மன்றோவின் 1807ஆம் ஆண்டுப் பரிந்துரை, இச்சிக்கல் தொடக்கத்திலேயே உணரப்பட்டதைக் காட்டுகிறது. எனினும், குடி தன் சொந்தச் செலவில் செய்யும் மேம்பாட்டின் முழுப்பயனும் குடிக்கே உரியது என்னும் கொள்கை 1850களில்தான் உறுதியாக ஏற்கப்பட்டது. விதியின் தீமை அறியப்படுவதற்கும் விதி நீக்கப்படுவதற்கும் இடையே ஏறத்தாழ இரு தலைமுறைகள் கழிந்தன.

வஜாவும் வறுமைத் தோற்றமும்

பயிர் சாவியானாலும், நீரின்றி நிலம் தரிசாகக் கிடந்தாலும் தீர்வையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வது வஜா எனப்பட்டது. மிகையான தீர்வை இருக்கும் இடத்தில் வஜா இன்றியமையாதது, மனிதநேயமுடையதும் கூட. ஆனால் அது குடியின் கையிருப்பையும் பயிரின் நிலையையும் பற்றிய மதிப்பீட்டைச் சார்ந்தது. அம்மதிப்பீட்டைச் செய்தவர்கள் கர்ணம், மணியக்காரர், தாசில்தார் ஆகியோர். அடங்கலில் கர்ணம் எழுதும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் ஓராண்டு நிலையை மாற்றவல்லது.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, வஜாவுக்கு ஒரு சந்தை உருவாயிற்று. உண்மையில் பயிர் இழந்தவரைவிட, கணக்கு எழுதுபவரைக் கவனித்தவர்க்கே வஜா கிடைக்கும் வாய்ப்பு மிகுந்தது. இரண்டாவது விளைவு நுட்பமானது. கிஸ்தியை உரிய நாளில் முழுமையாகச் செலுத்துபவர், தம்மால் செலுத்த இயலும் என்பதற்குத் தாமே சான்று அளித்துவிடுகிறார். அவருக்கு இவ்வாண்டு வஜா இல்லை. அடுத்த ஆண்டும் எளிதில் கிட்டாது. ஆகவே செல்வத்தை மறைப்பதும், பணம் இருந்தும் இல்லையென்பதும், இறுதிக் கணம் வரை தாழ்த்துவதும் குடிக்கு அறிவார்ந்த செயல்களாயின.

1855ஆம் ஆண்டு அறிக்கையில் இதனை விளக்கும் ஒரு குறிப்பு உண்டு. முழுத் தொகையையும் சிறுசிறு முடிச்சுகளாக உடம்பில் கட்டிக்கொண்டு குடி கச்சேரிக்கு வருவார். நெருக்கடிக்கு ஏற்ப ஒவ்வொரு ரூபாயாக அவிழ்ப்பார். நெருக்குதல் நின்றால் மீதியோடு ஊர் திரும்புவார் என்பது அதன் சாரம். குடியின் பிடிவாதத்துக்குச் சான்றாகவே இது எழுதப்பட்டது. ஆனால் இதனை வேறு விதமாகவும் வாசிக்கலாம். உண்மையான வரி எவ்வளவு என்பது கச்சேரிக்குள் நுழையும்போது முடிவாகியிருக்கவில்லை. அது அங்கே நடக்கும் பேரத்தில், குடி எவ்வளவு தாங்குகிறார் என்பதைக் கொண்டு முடிவாயிற்று. அத்தகைய இடத்தில் முடிச்சை முதலிலேயே அவிழ்ப்பவர் தோற்பவர்.

நேர்மையாகச் செலுத்துபவரைத் தண்டித்த மற்றொரு விதியும் உண்டு. ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களில் மன்றோ மேற்கொண்ட ஏற்பாட்டில், ஒரு குடி செலுத்தத் தவறிய தொகையை அவ்வூரின் ஏனைய குடிகள் மீது 10 விழுக்காடு வரை சுமத்தலாம். குடிகள் ஒருவரையொருவர் கண்காணிப்பர் என்பது அதன் நோக்கம். உழைத்துச் செலுத்துபவர் அயலவரின் நிலுவையையும் சுமக்க நேரும் என்பது அதன் விளைவு. தனிப் பட்டா எனும் இரயத்துவாரியின் அடிப்படைக்கே இது முரணாகும்.

தாசில்தாரின் கணக்கு

மறைப்பதே குடிக்கு ஆதாயமாக இருந்தால், வெளிக்கொணர்வது தாசில்தாரின் பணியாகிறது. அதற்கு அவரிடம் இருந்த வழிகள் இரண்டு.

முதலாவது சட்டவழி. 1802ஆம் ஆண்டுச் சட்டவிதிகள் முதற்கொண்டு, நிலுவைக்காகக் குடியின் உடைமையை ஜப்தி செய்து ஏலம் விட இடம் இருந்தது. அதற்கு அறிவிப்பு வேண்டும், பதிவு வேண்டும், காலம் வேண்டும். ஏலம் போனால் அது மேலிடத்தின் கணக்கில் தெரியும். ஏலங்கள் மிகுந்தால் வட்டத்தின் நிர்வாகம் பற்றிய வினா எழும். ஏரையும் மாட்டையும் இழந்த குடி அடுத்த பசலியில் பயிரிடமாட்டார். சாகுபடிப் பரப்பு சுருங்கும். அக்குறைவுக்கும் தாசில்தாரே பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான பட்டாக்கள் சிறு தொகைக்கு உரியவையாக இருந்த நிலையில், சில ரூபாய் நிலுவைக்கு இவ்வளவு நடைமுறை பொருந்தாது.

இரண்டாவது வழி, சேவகரை ஏவுவது. வெயிலில் நிறுத்துவது, உணவின்றிக் காக்கவைப்பது, குனியவைத்து முதுகில் கல்லேற்றுவது, கிட்டி இடுவது ஆகியவற்றுக்குத் தாள் வேண்டியதில்லை. அவை கணக்கில் ஏறுவதும் இல்லை. ஆணைய அறிக்கை மிகுதியாகக் குறிப்பிடும் இரு முறைகள் கிட்டியும் அண்ணாந்தாளும் ஆகும். முன்னது மரச்சட்டங்களுக்கிடையே விரலையோ பிற உறுப்பையோ வைத்து நெரிப்பது. பின்னது உடலை வளைத்துக் கயிற்றால் பிணைத்து நெடுநேரம் நிறுத்துவது. தமிழ்ச் சொற்களாகிய இவை, ஆங்கில ஆவணத்தில் திரிந்த ஒலிப்போடு கலைச்சொற்களைப் போலவே பதிவாயின. அந்த அளவுக்கு அவை வழக்கமானவை என்பது இதனால் புலப்படும்.

ஆக, சட்டபூர்வமான வற்புறுத்தலுக்கு விலை மிகுதி. சட்டவிரோதமான வற்புறுத்தலுக்கு விலை ஏதும் இல்லை. மறுபுறம், கிஸ்தி குறித்த நாளில் கருவூலம் சேர்ந்ததா என்பதே தாசில்தாரின் திறமைக்கு அளவுகோல். மாவட்ட ஆட்சியர் வருவாய் வாரியத்துக்கும், வாரியம் ஆளுநர் மன்றத்துக்கும் தொகையைக் கொண்டே பதில் சொல்ல வேண்டியிருந்தது. எவ்வாறு வசூலானது என்று கேட்கும் பத்தி எந்தப் படிவத்திலும் இல்லை. கீழ்நிலைச் சேவகர்களின் ஊதியமோ மிகக் குறைவு. அரசுக்கான வசூலோடு தமக்கான வசூலையும் அவர்கள் நடத்தினர்; இரண்டுக்கும் கருவி ஒன்றே.

புகாரின் பாதை

வன்முறைக்கு விலை இல்லாமற் போனதற்கு மற்றொரு விதி துணைநின்றது. 1816ஆம் ஆண்டுச் சட்டவிதிகள் நடுவர் அதிகாரத்தை ஆட்சியரிடமும், வட்டக் காவல் பொறுப்பைத் தாசில்தாரிடமும் ஒப்படைத்தன. உள்நாட்டு மரபுக்கு ஏற்றது, சிக்கனமானது என்பன இதற்குக் கூறப்பட்ட காரணங்கள். வரி வசூலிப்பவரும் குற்றம் விசாரிப்பவரும் ஒருவரே ஆனமை இதன் விளைவு. கச்சேரியில் அடிபட்டவர் முறையிட வேண்டிய இடமும் அதே கச்சேரி. ஆட்சியருக்கு மனு அனுப்பினால், அறிக்கை கேட்டு அது பெரும்பாலும் தாசில்தாருக்கே திரும்பும். மனு பொய்யென முடிவானால் மனுதாரர்க்குத் தண்டனை. மெய்யென முடிவாவது அரிது. முறையிடுவதில் கிடைக்கக்கூடியது சிறிது, இழக்கக்கூடியது பெரிது என்பதால் மௌனமே மிஞ்சியது. அந்த மௌனம் மேலிடத்தில் அமைதியாகப் பொருள்கொள்ளப்பட்டது.

இம்மௌனத்தின் உண்மைத் தன்மை 1854இல் வெளிப்பட்டது. கஜுலு லட்சுமிநரசு செட்டியின் முன்முயற்சியில் 1852இல் தோன்றிய சென்னை சுதேச சங்கம், மாகாண நிர்வாகம் குறித்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியிருந்தது. சென்னைக்கு வந்து சென்ற டான்பி சீமோர் உள்ளிட்டோர் 1854 ஜூலையில் மக்களவையில் இதனை எழுப்பினர். அவ்வாண்டு செப்டம்பரில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. கச்சேரி வழியாக அன்றி நேரடியாக முறையிடலாம் என்னும் நிலை ஏற்பட்டதும், சில மாதங்களுக்குள் 1,959 புகார்கள் குவிந்தன. நூற்றுக்கணக்கான மைல் நடந்து சென்னையை அடைந்தவர்களும் அவர்களுள் உண்டு. குடிகளின் இயல்பில் எம்மாற்றமும் நிகழவில்லை. புகார் செல்லும் பாதை ஒன்றே மாறியது. இக்கட்டுரையின் வாதத்துக்கு இதனினும் வலுவான சான்று வேறில்லை.

ஆணையத்தின் விளக்கமும் அதன் போதாமையும்

1855 ஏப்ரலில் அளிக்கப்பட்ட அறிக்கை, வரி வசூலிலும் காவல் விசாரணையிலும் சித்திரவதை நிலவுவதை ஐயத்துக்கு இடமின்றி ஏற்றது. அவ்வகையில் அது துணிவான ஆவணம். ஆயினும் அதன் விளக்கம் இரு தூண்கள் மீது நின்றது. சித்திரவதை இந்நாட்டின் பழைய வழக்கம் என்பது ஒன்று. ஐரோப்பிய அதிகாரிகள் மீது மக்களுக்குக் குறையில்லை, தம்மவரின் கொடுமையிலிருந்தே காப்புக் கோருகின்றனர் என்பது மற்றொன்று. 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதிய காரல் மார்க்சு, ஐரோப்பியரை விடுவிக்கும் இம்முடிபு அறிக்கையின் சான்றுகளோடு பொருந்தவில்லை எனச் சுட்டினார்.

இயல்பைக் கொண்டு விளக்குவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரே தாசில்தார், ஒரே குடி, ஒரே ஊர் என்றாலும் விதி மாறும்போது நடத்தை ஏன் மாறுகிறது என்பதற்கு அதனால் விடை கூற இயலாது. தேசியச் சார்புள்ள எழுத்துகள் இதே வாதத்தைத் திருப்பி, கொடுமை முழுவதையும் ஆங்கிலேயரின் இயல்பாக்குவதும் இதே இடர்ப்பாட்டுக்கு உரியது. தீர்வையை விதித்தவர் கிட்டியைத் தொட்டதில்லை. கிட்டியை இட்டவர் தீர்வையை விதித்ததில்லை. இருவரையும் இணைத்தது விதி.

எனினும் இவ்விளக்கத்துக்கும் எல்லை உண்டு. ஊக்கம் செயலைத் தூண்டும். செய்தவரின் பொறுப்பை அழிக்காது. சித்திரவதையின் சுமை எல்லாக் குடிகள் மீதும் சமமாக விழுந்திருக்கவும் இயலாது. செல்வாக்குள்ள பட்டாதாரர் கணக்கை வளைக்க முடிந்த இடத்தில், சாதியாலும் வறுமையாலும் தாழ்த்தப்பட்டவர் உடலால் ஈடுசெய்ய நேர்ந்தது. விதி எல்லார்க்கும் ஒன்றாயினும், அதிலிருந்து தப்பும் வழி எல்லார்க்கும் ஒன்றன்று.

சீர்திருத்தங்கள்

அறிக்கைக்குப் பின் நிகழ்ந்த மாற்றங்களை வரிசைப்படுத்தினால், அவை விதிகளின் கணக்கை மாற்றியவை என்பது விளங்கும். 1855இல் நிலஅளவைக்கும் மறுதீர்வைக்கும் திட்டமிடப்பட்டது. முதலில் மொத்த விளைச்சலில் 30 விழுக்காடு என்றும், 1864இல் நிகர விளைச்சலில் பாதி என்றும் உச்சவரம்பு வரையறுக்கப்பட்டது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவல்துறையை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. 1864ஆம் ஆண்டின் சென்னை வருவாய் வசூல் சட்டம் ஜப்தி, ஏல நடைமுறைகளை முறைப்படுத்தியது. தீர்வை குறைந்ததால் ஆண்டுதோறும் பேரம் பேச வேண்டிய தேவை குறைந்தது. காவல் பிரிந்ததால் புகாருக்கு வேறு வாயில் பிறந்தது. நடைமுறை தெளிவானதால் சட்டவழி எட்டக்கூடியதாயிற்று. 1850களின் நடுப்பகுதிக்குப் பின் தானிய விலை உயர்ந்ததும் சுமையைத் தணித்தது என்பதை மறத்தலாகாது.

காவல் நிலையத்தில் சித்திரவதை இதனால் ஒழிந்துவிடவில்லை. குற்ற ஒப்புதலைப் பெறுவதே விசாரணையின் வெற்றி என்னும் அளவுகோல் அங்கே நீடித்தது. காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாகாது என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது, அந்த ஊக்கத்தை அகற்றும் முயற்சியே. அளவுகோல் மாறாத இடத்தில் வன்முறை மாறவில்லை என்பதும் இவ்வாதத்தை வலியுறுத்துகிறது.

முடிவுரை

தோட்டக்கால் தீர்வை கிணற்றைத் தண்டித்தது. வஜா, உரிய நாளில் செலுத்துபவரைத் தண்டித்தது. கூட்டுப்பொறுப்பு, உழைப்பவரைத் தண்டித்தது. வசூல் தொகையை மட்டும் நோக்கிய மேற்பார்வை, சட்டத்தை மதிக்கும் தாசில்தாரைத் தண்டித்தது. வருவாயையும் காவலையும் இணைத்த ஏற்பாடு, முறையிடுபவரைத் தண்டித்தது. தனித்தனியே நோக்கினால் இவை ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. சிலவற்றில் குடிமீது பரிவும் உண்டு. ஒருங்கே இயங்கியபோது அவை, மறைப்பவருக்கும் அடிப்பவருக்கும் இடையிலான நாடகமாகக் கச்சேரியை மாற்றின.

காலனிய ஆவணங்களைப் பயில்வோர் ஒரு விதியைக் காணுந்தோறும் அதன் முகவுரை கூறும் நோக்கத்தோடு நின்றுவிடாமல், அவ்விதியின்கீழ் யார் எதைச் செய்தால் ஆதாயம் பெற்றனர் என்றும் வினவுதல் வேண்டும். ஜமாபந்திக் கணக்கில் நிலுவையின்றி முடிந்த ஒரு பசலி, நல்லாட்சிக்குச் சான்றாகவும் இருக்கலாம்; எழுதப்படாத ஒரு கொடுமைக்குச் சான்றாகவும் இருக்கலாம். அவ்விரண்டையும் பிரித்தறியக் கணக்கேடு மட்டும் உதவாது. நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்து 1854இல் முறையிட்டவர்களின் வாக்குமூலங்களையும் உடன்வைத்து வாசிக்க வேண்டும்.